மோட்டாருக்கு வயர், லைட்டுக்கு வயர்லெஸ்: மடிப்பாக்கம் வீட்டில் எட்டு மாதம்

பிப்ரவரி

எங்கள் வீடு மடிப்பாக்கத்தில் இருக்கிறது. தரைத்தளம், முதல் மாடி, மேலே மொட்டை மாடி. கட்டி இருபத்திரண்டு வருடம் ஆகிறது. லைட், தண்ணீர் மோட்டார் எல்லாம் தானாகவும் போனிலிருந்தும் இயங்கும்படி ஆட்டோமேஷன் செய்ய நினைத்தேன். அதற்காக முதலில் வந்து பார்த்தவர் முழுக்க வயரில், கே.என்.எக்ஸ். முறையில் செய்யச் சொன்னார். நல்ல முறைதான். ஒவ்வொரு சுவிட்சுக்கும் ஒரு பச்சை கேபிள் போகும், அதில் சுமார் 30 வோல்ட் டிசி இருக்கும். எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் ஒரே மூளை என்று நடுவில் எதுவும் வேண்டியதில்லை. ஒவ்வொரு கருவியும் தன் வேலையைத் தானே வைத்திருக்கும், ஒன்று கெட்டாலும் மற்றவை ஓடும். ஆனால் அதற்கு எங்கள் வீட்டில் எல்லாச் சுவரையும் கொத்த வேண்டும். அம்மாவுக்கு ஆஸ்துமா. அந்தத் தூசியில் அவரை இரண்டு மாதம் உட்கார வைக்க எனக்கு மனம் வரவில்லை. அதனால் வயர்லெஸ் என்று முடிவு செய்தேன்.

இன்னொன்றையும் அப்போதே முடிவு செய்தேன். 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலின்போது எங்கள் பக்கம் நாள்கணக்கில் கரண்டும் இல்லை, நெட்டும் இல்லை. இன்டர்நெட் போனால் நின்றுவிடும் எந்தக் கருவியும் வீட்டுக்குள் வரக்கூடாது. ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கணினியில், வீட்டுக் கருவிகளை நெட் இல்லாமலே இயக்கும் ஹோம் அசிஸ்டென்ட் மென்பொருளைப் போட்டு, அதையும் ரவுட்டரையும் இன்வெர்ட்டரில் சேர்த்தேன்.

மார்ச்

மெயினை ஆஃப் செய்துவிட்டு ஹால் சுவிட்ச் போர்டைக் கழற்றினேன். உள்ளே சிவப்பு, கருப்பு, பச்சை மூன்றும் இருந்தன. வெளிநாட்டு வீடியோக்களில் பாதி நேரம் சுவிட்ச் பெட்டியில் மாட்யூல் ஓடத் தேவையான நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் வயர்) இல்லை என்ற கவலையிலேயே போகும். நம் ஊர் போர்டில் பெரும்பாலும் சுவிட்சுக்குப் பக்கத்திலேயே ஒரு பிளக் பாயின்ட் இருப்பதால் நியூட்ரல் ஏற்கெனவே வந்திருக்கும். ரிலே மாட்யூலை (சேதி வந்தால் லைட்டைப் போட்டு அணைக்கும் சின்னக் கருவி) பின்னால் வைத்து, சுவரில் இருந்த பழைய சுவிட்சையே அதன் இன்புட்டில் கொடுத்தேன். அம்மா போட்ட நிபந்தனை ஒன்றுதான்: "சுவிட்சத் தட்டினா எரியணும்டா. போன்ல தேடிக்கிட்டு நிக்க என்னால முடியாது." சரியான நிபந்தனை. மாடிப்படி லைட் மட்டும் டூ-வே (மேலே ஒன்று, கீழே ஒன்று என இரண்டு சுவிட்ச்), அந்தப் பெட்டியில் நியூட்ரல் இல்லை. அதைத் தொடவில்லை.

முதலில் வாங்கியவை எல்லாம் வைஃபை மாட்யூல்கள். பதினைந்தைத் தாண்டியதும் ரவுட்டர் திணற ஆரம்பித்தது, தினம் ஒன்றிரண்டு காணாமல் போகும். அப்புறம் ரிச்சி தெருவுக்குப் போய் ஜிக்பீ என்ற, ரவுட்டரைச் சாராத வேறொரு வயர்லெஸ் முறைக்கான யுஎஸ்பி ஸ்டிக் ஒன்றை வாங்கிவந்து, மீதி அறைகளுக்கு ஜிக்பீ மாட்யூல் போட்டேன். அதுவும் முதல் வாரம் இழுத்தடித்தது. காரணம் இரண்டு. வைஃபையும் ஜிக்பீயும் ஒரே 2.4 கிகாஹெர்ட்ஸில் ஓடுகின்றன, அக்கம்பக்கத்து வைஃபை முழுக்க என் ஜிக்பீ சேனல் 11 மேல் உட்கார்ந்திருந்தது. ஸ்டிக்கையோ ராஸ்பெர்ரி பையின் யுஎஸ்பி 3 போர்ட்டில் நேராகச் செருகியிருந்தேன், அந்தப் போர்ட்டே அதே அலைவரிசையில் இரைச்சல் கிளப்பும். சேனலை 25க்கு மாற்றி, ஒரு மீட்டர் எக்ஸ்டென்ஷன் கேபிளில் ஸ்டிக்கைத் தள்ளி வைத்தேன். எல்லாவற்றையும் மறுபடி சேர்க்க ஒரு ஞாயிறு முழுதும் போனது. அன்றிலிருந்து ஒரு லைட்கூடத் தவறவில்லை. கரண்டில் ஓடும் ஒவ்வொரு ஜிக்பீ மாட்யூலும் அடுத்ததற்குச் செய்தியைக் கடத்துகிறது, அதனால் மாட்யூல் கூடக்கூட இணைப்பு பலப்படுகிறது.

ஏப்ரல்

மோட்டார். இந்த முழு வேலையிலும் எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது இதுதான்.

மொட்டை மாடித் தொட்டியில் ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டும், ஒலியை அனுப்பி நீர்மட்டத்தை அளக்கும் அல்ட்ராசோனிக் சென்சாரும் வைத்திருந்தேன். தண்ணீர் நிறைந்ததும் வைஃபையில் "நிறுத்து" என்று சேதி வரும், கீழே மோட்டார் நிற்கும். பத்து நாள் ஒழுங்காக நடந்தது. பதினோராம் நாள் சேதி வரவில்லை. இடையில் இரண்டு காங்கிரீட் தளம், சிக்னல் மைனஸ் 85 டிபிஎம் என்ற பலவீனமான அளவில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆபீசிலிருந்து வந்து பார்த்தால் தொட்டி வழிந்து தெரு வரை ஈரம். லாரித் தண்ணீர் வாங்கி ஊற்றிய சம்ப் பாதி காலி. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் மேலே ஏறிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "நெறஞ்சா நிக்கணும், அவ்வளவுதான சார்? அதுக்கு ஏன் காத்துல சேதி அனுப்பிக்கிட்டு? கம்பிய இழுத்துடுவோம்." பழைய கேபிள் டிவி பைப் மொட்டை மாடியிலிருந்து கீழே வரை சும்மா இருந்தது. ஸ்பிரிங் விட்டு, முப்பது மீட்டர் டூ-கோர் கேபிளை அதில் இழுத்தோம். சுவரில் ஒரு கொத்துகூட இல்லை.

தொட்டியில் ஒரு ஃப்ளோட் சுவிட்ச், அதாவது தண்ணீரில் மிதந்து ஏறி இறங்கும் சுவிட்ச். மழையில் நனையும் இடத்துக்கு 230 வோல்ட் போகக்கூடாது என்பதால் 12 வோல்ட்தான். கீழே அது ஒரு ரிலேயைப் பிடித்துக்கொண்டிருக்கும், அந்த ரிலே ஸ்டார்ட்டரின் ஸ்டாப் பட்டனோடு சீரிஸில், அதாவது ஒரே கரண்ட் வழியில் அடுத்தடுத்து, இருக்கிறது. தண்ணீர் நிறைந்தால் ஃப்ளோட் மேலே போய் சர்க்யூட்டை விடும், மோட்டார் நிற்கும். எலி கேபிளைக் கடித்தாலும், 12 வோல்ட் அடாப்டர் செத்தாலும் அதே கதைதான், மோட்டார் நிற்கும். சம்ப் காலியானால் நிறுத்த அடியில் இன்னொரு ஃப்ளோட், அதுவும் சீரிஸில். போனிலிருந்து மோட்டாரை ஓட்டுவது மட்டும் வயர்லெஸ். ஒரு மாட்யூல் ஸ்டார்ட் பட்டனுக்கு இணையாக ஒரு விநாடி தொட்டுவிட்டு விலகும். அந்தச் சேதி தவறினால் மோட்டார் ஓடாது, யாருக்கும் நஷ்டமில்லை.

அதன்பிறகு எந்தப் பாயின்ட்டுக்கும் ஒரே கேள்விதான் கேட்கிறேன்: சேதி போய்ச் சேராவிட்டால் என்ன ஆகும்? ஒரு லைட் எரியாது என்றால் வயர்லெஸ். ஏதாவது கெடும், யாராவது விழுவார்கள் என்றால் வயர்.

மே

அம்மா இரவில் பாத்ரூம் போகும் வழியில் பட்டன் செல்லில் ஓடும் மோஷன் சென்சார் ஒன்று ஒட்டியிருந்தேன். மார்ச்சில் அருமையாக வேலை செய்தது. அக்னி நட்சத்திரம் தொடங்கியதும் ஆளைக் கண்டுகொள்ளவில்லை. அது உடம்புச் சூட்டுக்கும் பின்னால் உள்ள சுவரின் சூட்டுக்கும் இடையிலான வித்தியாசத்தைத்தான் பார்க்கிறது. மாடி அறையில் பகலெல்லாம் காய்ந்த சுவர் ராத்திரியும் அனலடித்தால் வித்தியாசம் எங்கே இருக்கும்? அம்மா இருட்டில் தடவிக்கொண்டு நடந்ததை இரண்டு நாள் கழித்துத்தான் சொன்னார். மறுநாளே 24 கிகாஹெர்ட்ஸ் ரேடார் சென்சார் மாற்றினேன். அது பட்டன் செல்லில் தாங்காது, 5 வோல்ட் வயர் இழுத்தாக வேண்டும். ஃபேன் சுற்றுவதையும் ஆள் என்று எண்ணியது. தூரத்தைக் குறைத்து, ஃபேனுக்கு முதுகு காட்டித் திருப்பி வைத்ததும் சரியானது.

செப்டம்பர்

ஐந்து மாதத்தில் தொட்டி ஒருமுறைகூட வழியவில்லை. மழைக்கு முன் மேலே ஜங்ஷன் பாக்ஸைத் திறந்து பார்த்தேன். ஸ்க்ரூவில் லேசாகத் துரு இருந்தது. துடைத்து, சிலிக்கான் பூசி மூடினேன்.

மச்சான் கூடுவாஞ்சேரியில் வீடு கட்டுகிறார். இன்னும் பூச்சு வேலை ஆரம்பிக்கவில்லை. ஒவ்வொரு போர்டிலிருந்தும் டிபி (வீட்டுக்கான டிஸ்ட்ரிப்யூஷன் பெட்டி) வரை ஒரு காலி பைப், தொட்டியிலிருந்து மோட்டார் வரை ஒன்று, பாத்ரூம் வாசல்களுக்கு ஒவ்வொன்று போடச் சொல்லியிருக்கிறேன். "இப்பவே குறிச்சுக் கொடுத்துடுங்க மாமா, திங்கக்கிழமை கொத்தனார் வர்றார்" என்றார். நாளை காலை சாக்பீஸ் எடுத்துக்கொண்டு போகிறேன்.