எஃப்.ஆர்.பி. கம்பி: வைவாவில் நான் சறுக்கிய இடம்

சிவில் கடைசி வருஷ செமினாருக்கு எஃப்.ஆர்.பி. கம்பியைத் தலைப்பாக எடுத்தேன். கண்ணாடி இழை போன்ற நாரை ரெசின் என்ற பிசினில் பதித்துச் செய்வது; கான்கிரீட்டுக்குள் இரும்புக்கம்பிக்குப் பதில் போடுவார்கள். துருப்பிடிக்காது, எடை குறைவு, பலம் அதிகம் என்று பதினைந்து ஸ்லைடு. வைவாவில் கேட்டது ஒன்றுதான்: "இதோட ஈல்டு ஸ்ட்ரெஸ் எவ்வளவு?" கம்பி நிரந்தரமாக நீளத் தொடங்கும் இழுவிசை அளவு அது. இரும்புக்கம்பி நினைப்பில் 500 மெகாபாஸ்கல் என்றேன். மார்க் போச்சு. இதற்கு ஈல்டு பாயின்ட்டே கிடையாது. இழுக்க இழுக்க நேர்கோட்டிலேயே போய்ப் பட்டென்று அறும். அதனால்தான் இரும்புக்கு நேர்மாறாக, கம்பி அறுவதற்கு முன் கான்கிரீட் நொறுங்கும்படி டிசைன் செய்வதை விரும்புகிறார்கள்.

தங்கச்சிமடத்தில் சித்தப்பா ஃபைபர் வள்ளத்துக்கு ஒட்டுப் போடுவார். கண்ணாடி இழைப் பாயை விரித்து, ரெசினைத் தடவி, காற்றுக்குமிழி போக ரோலர் உருட்டுவார். "பலம் நாருலதான்டா இருக்கு. ரெசின் அதைப் பிடிச்சு வைக்குது" என்றார். என் பதினைந்து ஸ்லைடில் இது இல்லை! பாயில் நார் எல்லாப் பக்கமும் சிதறிக் கிடக்கும். கம்பியில் நீளவாக்கில் மட்டும். ஆகவே குறுக்குவாக்கில் கம்பி பலவீனம். இறுகிய ரெசினை உருக்கி வடிவம் மாற்ற முடியாது என்பதால் சைட்டில் வளைக்கவும் முடியாது. நீளக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங்கெல்லாம் ஃபாக்டரியிலேயே வளைந்து வரவேண்டும்.

எண்களில் இரண்டு போதும். 12 மி.மீ. இரும்புக்கம்பி மீட்டருக்கு 0.89 கிலோ, கண்ணாடி இழைக் கம்பி சுமார் கால் கிலோ. இரும்பின் மாடுலஸ், அதாவது நீளாமல் விறைப்பாக நிற்கும் அளவு, 200 ஜிகாபாஸ்கல், இதற்கு 50 சுற்றி. பலம் இருந்தும் பீம் தொய்வதும் விரிசல் அகலமாவதும் இதனால்தான். கணக்கு அங்கேதான் முட்டும், படித்துவிட்டுப் போங்கள்.

நம் கரையில் உப்பின் குளோரைடு இரும்புக்கம்பியை எட்டினால் துரு உப்பி, கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டை (கவர்) பெயர்த்துவிடும். அதற்காக எஃப்.ஆர்.பி.தான் ஒரே தீர்வு என்று அடித்துச் சொல்லாதீர்கள். 2025-இல் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போட்டிருக்கிறார்கள். கண்ணாடி இழைக்குக் கான்கிரீட்டின் காரமே எதிரி. வினைல் எஸ்டர் ரெசின்தான் அதற்குக் காவல்.

பிறகு ஒரு வேலை இன்டர்வியூவில், "தீப்பிடித்தால்?" என்றார்கள். நார் தாக்குப்பிடிக்கும், ரெசின் முதலில் இளகும், கான்கிரீட்டோடு உள்ள பிடி விட்டுப்போகும் என்றேன். அடுத்த கேள்விக்குப் போனார்கள்.