குளக்கட்டு நடை

மே 2

மனச்சோர்வுக்குத் தந்த மருந்துத் துண்டின் பின்பக்கத்தில் டொக்டர் எழுதித் தந்தது: நடை, 40 நிமிடம், கிழமைக்கு 3 நாள். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்று மட்டும்தான் எழுதவில்லை. மச்சாள் வாங்கிப் பார்த்துவிட்டு, "இதுக்கே விடிய அஞ்சு மணிக்கு வந்து நம்பர் எடுத்தனாங்கள்?" என்றா.

மே 3

நடக்கவில்லை.

மே 4

செருப்பு வார் அறுந்துவிட்டது, அதனால் நடக்கவில்லை. வார் அறுந்தது போன மாதம்.

மே 5

வாருக்குப் பின் குத்திக்கொண்டு குளக்கட்டில் ஏறினேன். 11 நிமிடம். இரணைமடுவில் தண்ணீர் இறங்கியிருக்கிறது, கரையில் மாடுகள். திரும்பி வரும்போதுதான் கவனித்தேன், வலது கை விரல்கள் மடிந்தபடியே இருந்தன. விரித்தேன். நாலு எட்டு வைப்பதற்குள் திரும்பவும் மடிந்துகொண்டன.

மஞ்சள் கான்.

மே 7

நித்திரை இல்லை. இரவு முழுக்க ஃபோனில் வாசித்தேன். பதினாறு வருடமாகப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தது: ஓடினால் எண்டோர்பின் சுரக்கும், மனம் லேசாகும். ஒரு மதிப்பெண் வினா. பார்த்தால், குருதியில் ஏறுகிற எண்டோர்பின், கண்டதையும் மூளைக்குள் விடாமல் மறிக்கிற மூளைத் தடுப்பைத் தாண்டி உள்ளே போவதே அபூர்வமாம். 2015இல் ஜெர்மனியில் எலிகளைச் சக்கரத்தில் ஓடவிட்டு, எண்டோர்பினுக்கான வழியை அடைத்துப் பார்த்திருக்கிறார்கள். ஓடிய எலிக்குப் பயம் குறைந்துதான் இருந்தது. கஞ்சாவின் சத்துப் போய் ஒட்டும் இடத்தை, வாங்கி என்பார்கள், அடைத்தபோதுதான் அந்த அமைதி இல்லாமல் போனது. அதே வாங்கியில் ஒட்டுகிற சாமான் ஒன்றை உடம்பே செய்கிறது. 1992இல் ஜெருசலேமில் மெக்கூலம் என்பவரின் ஆய்வுகூடத்தில் கண்டுபிடித்து அதற்கு அனந்தமைட் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். நாங்களும் சொல்கிற ஆனந்தம் என்ற சமஸ்கிருதச் சொல்லில் இருந்துதான்.

மாமிக்குச் சொன்னேன். "அப்ப கஞ்சா அடிக்கிறவங்கள் ஏன் நடக்கினமில்லை?" என்று கேட்டா. பதில் இல்லை.

மே 9

19 நிமிடம். நாய் மதகடியோடு திரும்பிவிட்டது.

மே 11

எலிகளை விட முடியவில்லை. வேறு எலிகள் இவை. 2014, சுவீடன், கரோலின்ஸ்கா நிறுவனம். மன அழுத்தம் வந்தால் உடம்பில் கைனுரெனின் என்று ஒன்று கூடுகிறது. அது மூளைக்குள் போய்க் கெடுக்கும். வேலை செய்து பழகிய தசை ஒரு நொதியத்தைக் கூடுதலாகச் செய்கிறது, அந்த நொதியம் கைனுரெனினைப் பிடித்து வேறொரு அமிலமாக்கிவிடுகிறது. அமிலத்தால் மூளைத் தடுப்பைத் தாண்ட முடியாது. கால் தசை குருதியைக் கழுவி அனுப்புகிறது என்று வகுப்பில் சொன்னால் பிள்ளைகளுக்கு விளங்கும். வகுப்பில் சொல்லலாம், வகுப்பு என்று ஒன்று இருந்தால். லீவுக் கடிதம் இன்னொரு மாதத்துக்குக் கொடுத்தாயிற்று.

எலிக்கு எப்படி மன அழுத்தம் வரவைத்தார்கள் என்று தேடினேன். தேடாமல் விட்டிருக்கலாம். பெரிய சத்தம். வெட்டி வெட்டி அடிக்கும் வெளிச்சம். எப்போது பகல் எப்போது இரவு என்று தெரியாமல் மாற்றி மாற்றி வைப்பது. ஐந்து கிழமை. இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'மெல்லிய அழுத்தம்'.

ஐந்து கிழமை!

தண்ணீர் குடித்துவிட்டு வந்து திரும்ப வாசித்தேன். அதேதான் எழுதியிருக்கிறது. ஐந்து கிழமையில் சாதாரண எலிகள் சோர்ந்துபோயின. தசையைப் பழகிய தசைபோல மாற்றி வைத்த எலிகளுக்கு ஒன்றும் ஆகவில்லை.

மே 12

அப்படியென்றால் எங்களுக்கு ஒன்றும் ஆகியிருக்கக் கூடாது. யுத்தத்தில் இடம்பெயர்ந்து நடந்த வழி: வட்டக்கச்சி, தருமபுரம், விசுவமடு, உடையார்கட்டு, சுதந்திரபுரம், இரணைப்பாலை, மாத்தளன். எங்களை விடத் தசை பழகியவர்கள் யார்? ஐந்து லீட்டர் மஞ்சள் கானைத் தூக்கிக்கொண்டு. பங்கர் வெட்டி, மூடி, அடுத்த இடத்தில் வெட்டி. அந்த நடைக்கெல்லாம் சுரந்தது எங்கே போனது? அம்மா கடைசி மட்டும் கால் நோகுது என்று சொல்லவில்லை.

மச்சாள் கூப்பிட்டா. நடக்கப் போகவில்லை.

மே 13

நேற்றையதை அழிக்கலாமா என்று யோசித்தேன். இருக்கட்டும். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: கூண்டுக்குள் சக்கரத்தை வைத்தால் எலி தானாகவே ஏறி ஓடுகிறது. இறங்க நினைத்தால் இறங்குகிறது.

23 நிமிடம்.

மே 16

புத்தி இல்லாத வேலை ஒன்று செய்தேன். 1999இல் அமெரிக்காவில் டியூக் பல்கலைக்கழகத்தில், ஐம்பது வயது தாண்டிய, மனச்சோர்வுள்ள 156 பேரைப் பிரித்து, சிலருக்கு உடற்பயிற்சி, சிலருக்குச் சேர்ட்ரலின் என்ற மனச்சோர்வுக் குளிசை, சிலருக்கு இரண்டும் கொடுத்தார்கள். 16 கிழமை முடிய மூன்று கூட்டமும் கிட்டத்தட்ட ஒரேமாதிரி. என் குளிசையும் சேர்ட்ரலின்தான். வாசித்த அன்றே நிறுத்திவிட்டேன். நேற்றுக் கிணற்றடியில் வாளிக் கயிற்றைப் பிடித்தபடி தலை சுற்றி உட்கார்ந்துவிட்டேன். மச்சாள்தான் தூக்கினா. ஏசவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

குளிசை எடுத்தவர்கள் தொடக்கத்தில் கெதியாகத் தேறினார்கள் என்று அதே ஆய்வில் இருக்கிறது. அந்த வரியைத் தாண்டிப் போய்விட்டேன். பிள்ளைகள் வினாவை ஒழுங்காக வாசிப்பதில்லை என்று கத்துகிறவள் நான்.

மே 18

முள்ளிவாய்க்கால் கஞ்சி காய்ச்சினோம். உப்பில்லை.

மே 19

மே 21

கிளினிக். குளிசை நிறுத்தியதைச் சொன்னேன். டொக்டர் பேனையை வைத்துவிட்டு, "டீச்சர், ரெண்டு காலாலயும் தானே நடக்கிறனீங்கள்?" என்றார். சரி. இரவில் இருந்து குளிசை.

வரும் வழியில் கதிர்காமத்துக்கு நடந்து போகிற கூட்டம் ஒன்றைக் கண்டோம். செல்வச்சந்நிதியில் இருந்து வருகிறார்கள். முன்னுக்கு வேல், பின்னால் காவித் துணி மூட்டைகள், எழுபது வயது மனிசி ஒருத்தி வெறுங்காலோடு. கையில் தண்ணீர்ப் போத்தல். சிரித்துக்கொண்டு போகிறா. பஸ் கடந்து போனபிறகும் கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தேன். மாமியும் மூன்று தரம் போனவ. தனக்கு ஒருநாளும் குளிசை தேவைப்படவில்லை என்பா. பொய். பிரஷர்க் குளிசை போடுகிறா.

மே 24

34 நிமிடம். மச்சாளும் வந்தா. அவவுக்கு மூச்சு வாங்கியது, எனக்கு வாங்கவில்லை. சின்னச் சந்தோசம், கெட்ட சந்தோசம்.

நடக்கும்போது ஐரிசின் பற்றிச் சொன்னேன். 2012இல் ஹாவார்ட்டில் கண்டது. தசையில் பிறந்து குருதியில் போகும் ஓமோன். கிரேக்கரின் தூதுத் தெய்வம் ஐரிஸ், அவளுடைய பெயர். ஞாபகம் தங்கும் இடத்தில் நரம்புக்கலங்களை வளர்க்கும் புரதத்தை எலிகளில் கூட்டியிருக்கிறது. மச்சாள் கொஞ்ச நேரம் பேசாமல் வந்தா. பிறகு, "ஞாபகம் கூடினா நல்லதே உனக்கு?" என்று கேட்டா.

மே 25

அந்தக் கேள்வி.

மே 27

40 நிமிடம். கனகாம்பிகை அம்மன் கோயில் மணி கேட்கும்வரை நேரம் பார்க்கவில்லை. நாய் மதகைத் தாண்டி வந்தது. கை எப்போது விரிந்தது என்று தெரியவில்லை, கோயிலடியில் குனிந்து பார்த்தபோது விரிந்திருந்தது. பார்த்ததும் மடிந்துவிட்டது.

மே 28

பின் கழன்று காலில் குத்திவிட்டது. புதுச் செருப்பு வாங்க மச்சாள் டவுனுக்கு வெளிக்கிட்டு நிற்கிறா, படலையில் நின்று கூப்பிடுகிறா. மிச்சம் வந்து