சுங்கை சிப்புட்டுல ஒரு லாக்புக் கணக்கு

12.1.2025, ஞாயிறு

வீட்டுக்கு வந்து ஒன்பது நாளாச்சு. நான் பைலட்டா இருந்த ஏர்லைன் கம்பெனி எங்க பேட்ச்சையே ரோஸ்டர்லேந்து தூக்கிட்டாங்க, வேலை போச்சு, அதப் பத்தி இங்க எழுதல, எழுதினா பிபி ஏறும். சுங்கை சிப்புட் அப்படியேதான் இருக்கு. என்ன, கித்தா (ரப்பர்) காடெல்லாம் செம்பனை ஆயிருச்சு, எங்க லயம் (தோட்டத்து வரிசை வீடு) இருந்த எடத்துல தாமான் (புது வீடமைப்பு) வந்துருச்சு, அவ்ளோதான்.

காலைல பசியாறப் போன கடைல ஒரு மாமா கேட்டாரு, "லைசன்ஸ்தான் இருக்கே பாப்பா, அப்படியே ஐரோப்பா போய் ஓட்ட வேண்டியதுதானே?" ரொட்டி சானாய் ஆறிப்போற வரைக்கும் வெளக்கினேன். 1944ல சிகாகோல போட்ட ஒப்பந்தம் இருக்கு, அதுல முதல் அனெக்ஸே லைசன்ஸ் பத்திதான், ஆனா அது பொதுவான தரத்ததான் சொல்லுது, கார்டு குடுக்கறது அந்தந்த நாடு. என் ஏடிபிஎல், அதாவது ஏர்லைன் பைலட் லைசன்ஸ், மலேசியாவோடது, மலேசியால பதிவான விமானத்துக்குத்தான் செல்லும். வேற நாட்டு விமானம் ஓட்டணும்னா அந்த நாடு இத கொஞ்ச காலத்துக்கு ஏத்துக்கணும், இல்ல அவங்க லைசன்ஸாவே மாத்திக் குடுக்கணும். மாத்தறதுன்னா ஐரோப்பாவுல 13 பேப்பர் பரீட்சை எழுதணும். மாமா தே தாரிக்க ஒரு இழு இழுத்துட்டு "மறுபடியும் மொதல்லேந்தா?" ன்னாரு. ஆமா மாமா, மொதல்லேந்துதான்.

19.1.2025

எந்தப் பக்கம் போறதுன்னு நேத்து ராத்திரி பூரா யோசன. பிரிட்டன் 2020 முடிஞ்சதும் ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு ஏஜென்சி இயாசாவ (EASA) விட்டு வெளிய வந்துருச்சு, அதனால அங்க தனி லைசன்ஸ், தனி பரீட்சை. ரெண்டும் வேணும்னா ரெண்டு தடவ எழுதணும், என்னால ஆவாது. வளைகுடா கம்பெனிங்க வேற மாதிரி, கையில ஏடிபிஎல்லும் அனுபவமும் இருந்தா முதல்ல வேலைக்கு எடுத்துட்டு, அந்த ஊரு லைசன்ஸ் வேலைய அவங்களே பாத்துப்பாங்க. கூட இருந்த பாதிப் பேரு அங்கதான் அப்ளை பண்ணிருக்காங்க, நானும் ஒண்ணு போட்டு வெச்சேன்.

ஆனா மனசு இயாசாலதான். ஒண்ணு மட்டும் தெளிவா எழுதி வெக்கிறேன், பின்னாடி ஏமாறக்கூடாது: லைசன்ஸ் வேற, அங்க வேலை செய்ற உரிமை வேற. 13 பேப்பரும் பாஸ் பண்ணாலும் மலேசிய பாஸ்போர்ட்டுக்கு பெர்மிட் யாராச்சும் எடுத்துக் குடுத்தாத்தான் உண்டு. பீஸ் வாங்குற ஸ்கூலுங்க இத சின்ன எழுத்துலதான் போடுவாங்க.

12.2.2025

நேத்து தைப்பூசம், ஈப்போ கல்லுமலை முருகன் கோயிலுக்குப் போய்ட்டு வந்து கால் ரெண்டும் போச்சு. அதான் இன்னிக்கு உக்காந்த எடத்துல லாக்புக் வேலை, பறந்த நேரத்தையெல்லாம் எழுதி வெக்கிற புக். 3,412 மணி நேரம். ஐரோப்பாவுல மணி நேரத்த ஒதுக்கிற மாட்டாங்க, அது பரவால்ல. ஏ320 டைப் ரேட்டிங்க (அந்த ரக விமானம் ஓட்டுற தகுதிய) புது லைசன்ஸ்ல ஏத்திக்க அந்த விமானத்துல குறைஞ்சது 500 மணி நேரம் வேணும், என்கிட்ட அதுக்கு மேலயே இருக்கு, ஆனா ஸ்கில் டெஸ்ட்டும் பாஸ் பண்ணணும்.

சிக்கல் வேற எடத்துல. வேலைக்கு சேந்த புதுசுல நாலு மாசம் நான் உள்ளூர் நேரத்துல எழுதிருக்கேன், கம்பெனி கணக்கு யூடிசி, அதாவது உலகப் பொது நேரம். நம்ம மணி 8 மணி நேரம் முன்னாடி ஓடுதுல்ல, காலைல 6 மணிக்குக் கெளம்புன பிளைட் அவங்க கணக்குல முந்தின நாள் ராத்திரி 22:00. என் புக்ல 14ந்தேதி, அவங்க ஷீட்ல 13. ஒண்ணு ரெண்டு இல்ல, 61 வரி. மொத்தம் சரியாத்தான் வருது, ஆனா தேதி ஒட்டல. பாக்குறவனுக்கு பொய்க் கணக்கு மாதிரிதான் தெரியும்.

13.2.2025

செவப்பு பேனால 61 வரிய அடிச்சு, மேல திருத்தி, பக்கத்துல கையெழுத்துப் போட்டுக்கிட்டு இருந்தேன். அப்பா பக்கத்துல வந்து உக்காந்து "இது செக்ரோலா?" ன்னு கேட்டாரு, தோட்டத்துல வேலைக் கணக்கு எழுதுற புக்கத்தான் சொல்றாரு. ஏறக்குறைய அதேதான்பா. அவரு முப்பது வருசம் கித்தா பால் வெட்டுனவரு. காண்டா கம்புல ரெண்டு வாளியும் தொங்க ஸ்டோருக்கு வந்து நிறுத்துக் குடுத்தா கிராணி (தோட்டத்து கிளார்க்கு) எழுதுறதுதான் கணக்கு. அவரும் வீட்ல காலண்டர் பின்னாடி தன் கணக்க எழுதி வெப்பாராம், ஒரு தடவ மூணு நாள் விட்டுப்போச்சுன்னு போய் நின்னா "காலண்டர்ல யாரு சைன் போட்டா?" ன்னு கேட்டு திருப்பி அனுப்பிட்டாங்களாம். அப்பறம் என்னப் பாத்து, "ஒன்னோடதுல யாரு சைன்?"

பழைய கம்பெனி. அவங்கதான் சைன் கேட்டு நான் போட்ட மூணு மெயிலுக்கும் பதில் போடல.

24.4.2025

விடியக்காலை மூணு மணிக்கு ஜன்னல் கதவு அடிச்சு எந்திரிச்சேன். சுமத்ரா காத்து. இந்த சீசன்ல மலாக்கா நீரிணைய தாண்டி இடியோட வரும், ஒரு மணி நேரம் ஆட்டிட்டுப் போயிரும். இதுக்குள்ள நான் அப்ரோச் பண்ணிருக்கேன், சுத்திப் போயிருக்கேன், வேற ஏர்போர்ட்டுக்கு டைவர்ட்டும் ஆயிருக்கேன். மாடல் பேப்பர்ல கேக்குறது என்னன்னா வார்ம் ஃப்ரண்டுக்கு (வெதுவெதுப்பான காத்து முன்னேறி வர்ற எல்லைக்கு) முன்னாடி ஃப்ரீஸிங் ரெய்ன், அதாவது பட்டதும் ஐஸா உறையற மழை, எந்த எடத்துல இருக்கும்னு! நான் கண்ணாலயே பாக்காத மழை. 68 வாங்கினேன், பாஸுக்கு 75 வேணும்.

கரண்ட் போனதால மெழுகுவத்திய வெச்சு படிச்சேன். அம்மா எட்டிப் பாத்துட்டு, "எஸ்பிஎம் பரீட்சைக்கே இவ்ளோ படிக்கல நீ" ன்னுச்சு, பள்ளிக்கூடக் கடைசிப் பரீட்சைய சொல்லுது.

8.6.2025

கம்பெனி சைன் போட்ட லாக்புக் கணக்கு வந்துருச்சு! எட்டாவது மெயிலுக்கு அப்பறம், ஒவ்வொரு பக்கமும் சீல் வெச்சு. 61 திருத்தத்துக்கும் தனியா ஒரு கடிதம். இனி அங்க உள்ள அதிகாரிங்க இங்க நம்ம சிஏஏஎம்முக்கு (மலேசிய விமானத் துறை ஆணையத்துக்கு) எழுதி லைசன்ஸ் உண்மையான்னு கேப்பாங்க, அது அவங்களுக்குள்ள.

பரீட்சைக்கும் நாள் போட்டாச்சு, ஜூலை 2. வேணும்னேதான் மாசத் தொடக்கத்துல போட்டேன். முதல் பேப்பர் எழுதுன மாசக் கடைசிலேந்துதான் எல்லாத்தையும் முடிக்கிற 18 மாச கெடு ஓட ஆரம்பிக்கும், 2ந்தேதி எழுதினா கிட்டத்தட்ட ஒரு மாசம் ஓசி. ஒரு பேப்பருக்கு நாலு சான்ஸ்தான், அதுலயும் போச்சுன்னா எல்லா பேப்பரையும் மொதல்லேந்து எழுதணும். முதல் கிளாஸ் ஒன் மெடிக்கல, அதாவது ஏர்லைன் பைலட்டுக்கான உடல் பரிசோதனைய, அங்க உள்ள ஏரோமெடிக்கல் சென்டர்லதான் எடுக்கணும், அதையும் அதே பயணத்துல முடிச்சிரலாம். டிக்கெட்டுக்கு அம்மா கூட்டுக் காசு எடுத்துக் குடுத்துச்சு, எத்தன வெள்ளின்னு எழுத மாட்டேன்.

முதல் பேப்பர் என்னன்னு அப்பா கேட்டாரு. ஏர் லா, சட்டம்பான்னேன்.

"சட்டமா? அதுல பாஸ் பண்ணிருவ. சின்ன வயசுலேந்து வீட்ல அது ஒண்ணுதானே பேசுற."