கோட்டை மாரியம்மனுக்குக் கொடுத்த வாக்கு

எங்கள் வீட்டில் ஒரு வேண்டுதல் நெடுங்காலமாக நிலுவையில் இருந்தது. என் இளைய மகனுக்குச் சிறு வயதில் அம்மை பார்த்து, முத்துகள் இமைகளிலும் இறங்கி, அவன் கண் திறக்க முடியாமல் வேப்பிலைப் படுக்கையில் கிடந்தபோது, என் மாமியார் மஞ்சள் துணியில் ஒன்றேகால் ரூபாயை முடிந்து பூஜை அறையில் கட்டிவிட்டு, "பார்வைக்கு ஒரு குறையும் இல்லாம இவனை எழுப்பிக் குடு தாயே, மீசை முளைச்சதும் இவனையே உன் வாசல்ல உருள வைக்கிறேன், வெள்ளியில கண்மலர் சாத்துறேன்" என்று சேலம் கோட்டை மாரியம்மனிடம் சொல்லிவிட்டார். மருத்துவரிடமும் காட்டினோம், மருந்தும் போட்டோம். ஆனால் பிள்ளை தேறி எழுந்தபோது அத்தை கைகூப்பியது மருந்துப் புட்டியைப் பார்த்து அல்ல. அதன் பிறகு படிப்பு, தேர்வு, வேலை என்று ஒவ்வோர் ஆடியும் கைநழுவிப் போனது. அத்தையும் போய்ச் சேர்ந்தார். முடிச்சு மட்டும் அவிழ்க்கப்படாமல் இருந்தது.

பெங்களூரில் கணினித் துறையில் வேலை பார்க்கும் என் மகன் நாத்திகன் அல்லன். கோயிலுக்கு வருவான், திருநீறு பூசுவான். இந்த ஆடிக்காவது வந்து வேண்டுதலை முடித்துவிட வேண்டும் என்று நான் சொன்னபோது அவன் கேட்ட கேள்வி வேறு. "பாட்டி என்னைக் கேக்காம என் பேர்ல எப்படிம்மா வாக்குக் குடுக்கலாம்? நான் சம்மதிக்கவே இல்லையே?" என்றான். சண்டைக்காக அவன் கேட்கவில்லை. மெய்யாகவே அவனுக்குப் புரியவில்லை. தானே தேர்ந்தெடுத்தது மட்டும்தான் தன்னைக் கட்டுப்படுத்தும், மற்றதெல்லாம் திணிப்பு என்ற பாடத்தை விளம்பரமும் தொலைக்காட்சி விவாதமும் அலுவலகப் பயிற்சி வகுப்பும் அவன் தலைமுறைக்கு ஓயாமல் ஓதி வைத்திருக்கின்றன. பெற்றோரைப் பார்த்துக்கொள்வது கூட இன்று 'விருப்பம்' என்ற கணக்கில் போய்விட்டது. என்னைப் பழைய பஞ்சாங்கம் என்று சொல்பவர்கள் சொல்லிக்கொள்ளட்டும். எனக்கு இந்தப் பாடம் ஒரு நாளும் செரித்ததில்லை.

பதில் சொன்னவர் அவனுடைய தாய்மாமன், என் அண்ணன். "ஏன் தம்பி, உன் பாட்டி ஒட்டியாணத்தை வித்துத்தான் உனக்குக் காலேஜுக்குப் பணம் கட்டினோம். அன்னைக்கு உன் சம்மதத்தை யாராவது கேட்டாங்களா? வரவு மட்டும் கேக்காம வரலாம், பற்று மட்டும் உன்னைக் கேட்டுட்டுத்தான் வரணுமா?" என்றார். அவன் மறுமொழி பேசவில்லை. அன்று மாலையே விடுப்புக்கு எழுதிப் போட்டுவிட்டதாகத் தெரிவித்தான்.

சேலத்தில் ஆடி என்றால் என்ன என்பதை இங்கே பிறந்தவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. எட்டுப் பேட்டை மாரிக்கும் தலைவி கோட்டைப் பெரிய மாரி. அவள் சந்நிதியில் பூச்சாட்டிவிட்டால் எங்கள் வீட்டில் கவிச்சி கிடையாது, எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறாது, அண்ணன் சவரம் செய்துகொள்ள மாட்டார், காப்புக் கட்டியவர் வெளியூரில் தங்க மாட்டார். இவற்றை எந்தச் சட்டமன்றமும் இயற்றவில்லை, எந்தக் காவலரும் வந்து கண்காணிப்பதும் இல்லை. ஆனாலும் நெசவுக்காரரும் வெள்ளிப்பட்டறைக்காரரும் மளிகைக் கடைக்காரரும் ஒரே நாளில் ஒரே கட்டுக்குள் வந்துவிடுகிறார்கள். யாரும் தங்களைக் கேட்டுவிட்டா இந்தக் கட்டை விதித்தார்கள் என்று வினவுவதில்லை.

அந்தக் கட்டும் இப்போது தளர்ந்து வருவதை மறைப்பதற்கில்லை. பூங்கரகத்தின் முன்னால் சாராய நெடியோடு ஆடும் பையன்களைப் பார்க்கும்போது, இந்தியாவுக்கே முன்மாதிரியாக 1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு மதுவிலக்கைத் தொடங்கிவைத்தது இதே சேலம் மாவட்டத்தில்தான் என்பது நினைவுக்கு வந்து நெஞ்சை அறுக்கிறது. வண்டி வேடிக்கைக்குப் பேர்போன குகை என்ற பேட்டையில், சாமி வேடமிட்டவர்கள் விடிய விடிய இமைகொட்டாமல் வண்டியில் நின்ற கதையை அத்தை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இன்று வண்ண விளக்கும் குத்துப்பாட்டும் அந்த வேடங்களை விழுங்கப் பார்க்கின்றன. வழியெங்கும் தட்டிகள், அம்மன் படம் ஓரத்தில் அஞ்சல்தலை அளவு, வரவேற்பவரின் படம் ஆளுயரம். எந்தக் கட்சி என்று பிரித்துச் சொல்ல வேண்டியதில்லை, இதில் எல்லோரும் ஒற்றுமையாக இருக்கிறார்கள்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீதிக்கட்சி தன் பெயரைத் திராவிடர் கழகம் என்று மாற்றிக்கொண்டது 1944 ஆகஸ்டில் இந்த ஊரில் கூடிய மாநாட்டில்தான். கடவுள் இல்லை என்ற குரல் அதற்குப் பின் எத்தனையோ முறை இங்கே மேடையேறியிருக்கிறது. அந்த மேடைகளுக்குக் கைதட்டிய வீடுகளிலிருந்தும் பெண்கள் கூழ்க்குடம் சுமந்து வந்து வரிசையில் நிற்பதை நான் சிறுமியாக இருந்த காலம் முதல் பார்த்து வருகிறேன். பகுத்தறிவால் அம்மனுக்கு ஒரு நட்டமும் நேர்ந்ததில்லை. அவளை உண்மையிலேயே வருத்துவது பக்தர்களாகிய நம்முடைய அலட்சியம்தான். சேர்வராயன் மலையில் பிறந்து வரும் திருமணிமுத்தாறு அவள் கோயிலை ஒட்டித்தான் ஓடுகிறது. அதைச் சாக்கடையாக்கியவர்கள் நாத்திகர்கள் அல்லர். வீட்டுக் கழிவையும் சாயக் கழிவையும் அதில் விட்டுவிட்டு, மூக்கைப் பொத்திக்கொண்டு பாலத்தைக் கடந்து, தட்டில் தேங்காயோடு உள்ளே போகிறோம். மரபைக் காப்போம் என்று மேடையில் முழங்குகிறவர்கள் முதலில் அந்த ஆற்றை எட்டிப் பார்க்கட்டும்.

கண்மலரைக் கடையில் வாங்காமல், செவ்வாய்ப்பேட்டையில் எங்களுக்குப் பழக்கமான பட்டறையில் சொல்லிச் செய்தோம். கொலுசு செய்யும் கைகள்; புருவத்தின் வளைவைச் சிறு உளியால் கொத்தி, கருவிழிக்கு ஒரு புள்ளியைத் தட்டி, ஊதித் துடைத்துக் கையில் கொடுத்தார்கள். மாவிளக்குக்குப் பச்சரிசியை ஊறவைத்து நானே இடித்தேன். வெல்லம் சேர்த்துப் பிசைந்து உருட்டியபின் நடுவில் கட்டைவிரலால் குழி அழுத்த வேண்டும். அத்தை ஒரே அழுத்தில் நெய் வழியாத குழி போடுவார். எனக்கு இன்னமும் விளிம்பு வெடிக்கிறது.

விடியலுக்கு வெகு முன்பே போய்விட்டோம், ஆனாலும் கூட்டம் எங்களுக்கு முன்பே போயிருந்தது. வாசலை நெருங்குவதற்குள் ஒருவர் வந்து, "வரிசையில எதுக்குங்கம்மா நிக்கறீங்க, ஐந்நூறு குடுங்க, நேரா அம்மன் முன்னாடி விடுறேன்" என்றார். இன்னொருவர் எங்கள் கையில் தட்டு இருப்பதைப் பார்த்தும் வேறொரு தட்டைத் திணித்து இருநூறு கேட்டார். செருப்பு விடுகிற இடத்தில் சொன்ன தொகையில் புதுச் செருப்பே வாங்கலாம். இவர்களைக் கூட மன்னித்துவிடலாம், பிழைப்பு. பெரிய கோயில்களில் எல்லாம் சிறப்புத் தரிசனம் என்று கட்டணம் வைத்து, கடவுள் முன்னால் காசுள்ளவனுக்கு ஒரு வழி, இல்லாதவனுக்கு ஒரு வழி என்று முறைப்படுத்திவிட்ட பிறகு, தெருவில் நிற்கிறவரை மட்டும் தரகர் என்று திட்டுவது நியாயமாகுமா என்று எனக்குத் தெரியவில்லை.

மஞ்சள் நீரை மகன் தலையில் ஊற்றினோம். இடுப்பில் ஈர மஞ்சள் வேட்டி, கூப்பிய கைகளுக்குள் வேப்பிலையும் எலுமிச்சையும். "ஓம் சக்தி" என்று அண்ணன் குரல் கொடுக்க, அவன் தரையில் கிடந்து கைகளைத் தலைக்கு மேல் நீட்டி உருளத் தொடங்கினான். நாள் முழுவதும் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் உடம்பு. முதல் திருப்பத்திலேயே திசை மாறிச் சுவரை நோக்கிப் போனான். அண்ணன் காலால் தடுத்து நேராக்கினார். முன்னும் பின்னும் வேறு பிள்ளைகளும் பெண்களும் உருண்டு வந்துகொண்டிருந்தார்கள். பாதி சுற்றில் அவன் நின்றுவிட்டான். தலை சுற்றிக் குமட்டி, முகம் வெளுத்து, முழங்கை தேய்ந்து இரத்தம் கசிய, எழுந்து உட்கார்ந்துவிட்டான். எனக்கு உயிரே போய்விட்டது. போதும், அவள் ஏற்றுக்கொள்வாள், எழுந்திரு என்று சொல்ல வாயெடுத்தேன்.

அதற்குள் எங்கிருந்தோ ஒரு பெரியவர், நெற்றி நிறையத் திருநீறும் இடுப்பில் ஈரத் துண்டுமாக வந்து அவன் அருகில் குந்தினார். ஒரு கை மஞ்சள் நீரை அவன் முகத்தில் அடித்தார். "வேகமா உருளாதீங்க தம்பி, யாரோடவும் போட்டி இல்ல. கண்ண மூடிக்குங்க. ஒவ்வொரு புரளுக்கும் மூச்சை விடுங்க. ஆத்தா இழுத்துக்குவா" என்றார். அவன் என்னைப் பார்த்தான். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்லக் குரலும் வரவில்லை. அவன் மறுபடியும் படுத்தான். அந்தப் பெரியவர் வேப்பிலைக் கொத்தால் அவன் முதுகில் மெல்லத் தட்டிக்கொண்டே மீதிச் சுற்று முழுவதும் கூடவே நடந்து வந்தார். சந்நிதி வாசலில் அவன் எழுந்து நின்றபோது மண்ணும் மஞ்சளும் அப்பிய முகத்தில் கண்கள் மட்டும்தான் தெரிந்தன. எந்தக் கண்களுக்காக வேண்டிக்கொண்டோமோ அந்தக் கண்கள்.

உள்ளே போனால் எங்களுக்கு முன்னால் நின்ற ஓர் இளம் தம்பதியர் அம்மனுக்கு முதுகைக் காட்டி நின்று, கைப்பேசியை உயர்த்தித் தங்களைப் படம்பிடித்துக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குள் கைப்பேசி கூடாது என்று 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றம் சொன்னது. தாய்க்கு முதுகைக் காட்டாதே என்பதை ஒரு நீதிபதி வந்து சொல்ல வேண்டியிருந்ததே என்பதுதான் என் வருத்தம்.

அவர்கள் விலகினார்கள். திரையும் விலகியது. நெடுநாள் திருப்பணி முடிந்து 2023 அக்டோபரில் குடமுழுக்குக் கண்ட பிறகு நான் அவளை அவ்வளவு நெருக்கத்தில் பார்த்தது அன்றுதான். மஞ்சள் முகம், நெற்றியை நிறைத்த குங்குமம், மார்பில் எலுமிச்சை மாலை, இரு தோளிலும் வேப்பிலை. நான் மனப்பாடம் செய்து வைத்திருந்த வேண்டுதல்கள் அத்தனையும் மறந்து போயின. பெரிய மகனுக்குக் குழந்தை, என் முழங்கால், வீட்டுக் கடன் என்று பட்டியல் போட்டிருந்தேன்; ஒன்றும் வாயில் வரவில்லை. பூசாரி கண்மலரைத் தட்டில் வாங்கி, "யாருங்கம்மா வேண்டுதல்?" என்று கேட்டார். நான் வாய் திறக்குமுன் என் மகன், "எங்க பாட்டி வேண்டிக்கிட்டதுங்க, எனக்காக" என்றான். பாட்டியின் பெயரையும் அவனே சொன்னான். பூசாரி அந்தப் பெயரைச் சொல்லிக் கண்மலரை அவள் பாதத்தில் வைத்துக் கற்பூரம் காட்டினார். இரண்டு வெள்ளிக் கண்களிலும் சுடர் அசைந்தது. அத்தை காலமானபோது அழாமல் காரியங்களைக் கவனித்தவள் நான். அன்று அந்தக் கூட்டத்தில் வெட்கமில்லாமல் வாய்விட்டு அழுதேன். பின்னால் நின்ற முகந்தெரியாத ஓர் அம்மாள் தன் முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டார்.

உண்டியலில் முடிச்சை அவிழ்த்தோம். ஒரு ரூபாய் நாணயம், கால் ரூபாய் நாணயம். கால் ரூபாய் 2011-லேயே புழக்கத்திலிருந்து போய்விட்டதே, மாற்றி வேறு போடட்டுமா என்று மகன் கேட்டான். பாட்டி முடிந்ததைப் போடு என்றார் அண்ணன். போட்டான். உப்பும் மிளகும் கொட்டிவிட்டு வெளியே வந்து, மாவிளக்கைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்தோம். அந்தப் பெரியவருக்கும் ஓர் உருண்டை கொடுக்க வேண்டும் என்று தேடினோம், அகப்படவில்லை. எந்தப் பேட்டைக்காரர், என்ன பெயர் என்று கேட்கக்கூடத் தோன்றாமல் போயிற்று. அவர் குடும்பத்தை அவள் குறையில்லாமல் வைத்திருக்கட்டும். முகம் துடைத்துவிட்ட அம்மாளின் வயிறு குளிரட்டும். விடுப்புக் கொடுத்த மேலதிகாரி, கண்மலருக்குக் கூலி வேண்டாம் என்று மறுத்த பட்டறைக்காரர், இரவெல்லாம் கண்விழித்துப் பூக்கட்டிக் கொடுத்த பக்கத்து வீட்டு அக்கா, எல்லோருக்கும் அவள் படியளக்கட்டும். எதை முதலில் சொல்லி நன்றி சொல்வதென்று தெரியாமல் திரும்பத் திரும்பக் கோபுரத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். அடுத்த ஆடிக்குக் குடும்பத்தோடு வந்து பொங்கல் வைக்கிறோம் தாயே என்று அங்கேயே சொல்லிவிட்டேன். மகன் பெயரையும் சேர்த்துத்தான் சொன்னேன், அவனைக் கேட்கவில்லை.