ப்ராஜெக்ட்டுக்கு ஒரு கானாறு போதும்

வேலூர்ப் பக்கம் எம்.எஸ்சி. தாவரவியலோ சுற்றுச்சூழல் அறிவியலோ படிக்கும் தம்பி தங்கைகள் தலைப்பு கேட்டு வரும்போது, பலரின் மனதில் ஏற்கெனவே பாலாறு இருக்கிறது. ஆசை நியாயமானதுதான். ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வேன். நந்தி மலையில் தொடங்கி மூன்று மாநிலங்களைத் தொட்டு, வயலூர் அருகே கடலில் சேரும் 348 கிலோமீட்டர் ஆறு அது. ஓர் இடத்தில் தண்ணீர் எடுத்து உப்பு அதிகம் என்று எழுதினால், அந்த உப்பு டேனரியிலிருந்து (தோல் பதனிடும் ஆலையிலிருந்து) வந்ததா, வயலிலிருந்தா, ஊர்ச் சாக்கடையிலிருந்தா, பாறையிலிருந்தா என்று வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள். ஒரு மாணவர் ஒரு வருடத்தில் அதைப் பிரித்துச் சொல்வது நடக்காத காரியம்.

நான் எடுத்தது ஜவ்வாது மலை அடிவாரத்தில், அமிர்தி பக்கத்துச் சிறு கானாறு ஒன்று. அதன் எல்லையை, அதாவது மழைநீர் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று பிரியும் மேட்டை, ஒரே நாளில் நடந்து முடித்துவிடலாம். உள்ளே வருவது மழை மட்டும். மேலே ஊரில்லை, ஆலையில்லை. ஆகவே ஓடை நீரில் தெரியும் மாற்றத்துக்குக் காட்டையும் மண்ணையும் பாறையையும் தவிர வேறெதையும் காரணம் காட்டத் தேவையில்லை.

ஒரு சிறு வடிநிலத்தை, அதாவது மழைநீர் வடிந்து ஒரே ஓடையில் சேரும் நிலப்பரப்பை, முழுதாக எடுத்து ஆராயும் இந்த முறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது அமெரிக்காவின் ஹப்பர்ட் புரூக் காடு. ஜீன் லைக்கன்ஸ், ஹெர்பர்ட் போர்மன் குழுவினர் 1963இல் அங்கே ஆய்வைத் தொடங்கினார்கள். வரவு செலவுக் கணக்கு மாதிரிதான்: மழையில் என்ன வருகிறது, ஓடையில் என்ன போகிறது. பிறகு ஒரு வடிநிலத்தின் மரங்களை முழுவதும் வெட்டி, மறுபடி துளிர்க்காமல் மூன்று ஆண்டுகள் களைக்கொல்லி தெளித்தார்கள். ஒப்பிட்டுப் பார்க்க, அருகிலேயே இன்னொரு வடிநிலத்தை அப்படியே விட்டார்கள். வெட்டிய பக்கத்து ஓடையில் நீரும் கூடியது, மண்ணின் சத்தான நைட்ரேட்டும் பல மடங்கு ஏறியது. மண்ணின் சத்தை மரங்கள் எவ்வளவு இறுக்கமாகப் பிடித்து வைத்திருந்தன என்பதை ஓடைத் தண்ணீர் காட்டிக் கொடுத்தது. எனக்கு இன்றும் சிலிர்ப்பூட்டும் ஆய்வு இது.

சரி, அதை அப்படியே இங்கே செய்ய முடியுமா? முடியாது, ஏன் என்று தெரிந்திருப்பதுதான் உங்கள் பலம். ஹப்பர்ட் புரூக்கில் அடிப்பாறை நீரைப் பெரும்பாலும் கசியவிடாது. நம் மலைகளின் சார்னோகைட், நைஸ் பாறைகளில் விரிசல்கள் உண்டு. அதன் வழியே இறங்கும் நீர் ஓடையை எட்டாமல் நிலத்தடிக்குப் போய்விடும். நம் கானாறுகள் ஆண்டு முழுவதும் ஓடுவதும் இல்லை. பந்திப்பூர் காட்டில் உள்ள மூலஹொளே சிறு வடிநில ஆய்வைக் கட்டாயம் படியுங்கள். அதுவும் உலர் இலையுதிர் காடுதான். பெய்த மழையில் பெரும்பங்கு மரங்கள் வழியாகவும் மண்ணிலிருந்தும் ஆவியாகித் திரும்புகிறது. ஓடையில் போவது சிறு பங்கு. நம் காட்டுக்கு நெருங்கிய உறவு அது.

மரங்களைக் கணக்கெடுக்கும்போது பிளாட்டுகளை (கணக்கெடுக்க அளந்து குறிக்கும் சதுரங்களை) காடு முழுக்கச் சிதறவிடாமல், ஓடைக் கரையிலிருந்து மேடு வரை ஒரே கோட்டில் போடுங்கள். மரத்துக்கு 10க்கு 10 மீட்டர், புதருக்கு 5க்கு 5, பூண்டுக்கு 1க்கு 1. தரையிலிருந்து 1.37 மீட்டர் உயரத்தில் சுற்றளவு எடுக்க வேண்டும். கரையில் நீர்மருதும் நாவலும் புங்கனும் நிற்கும். சரிவில் ஏற ஏற உசிலும் வெக்காலியும் வந்துவிடும். இந்த மாற்றத்தை மண்ணின் ஈரத்தோடும் ஆழத்தோடும் சேர்த்துக் காட்டினால், வெறும் மரப்பட்டியல் ஆய்வாக மாறிவிடும். வெளியிலிருந்து வந்து பரவும் உண்ணிச்செடி எங்கே எவ்வளவு புகுந்திருக்கிறது என்பதையும் தனியாகக் குறியுங்கள்.

நீரோட்டத்தை அளக்கக் கருவி இல்லையே என்று கவலை வேண்டாம். நேராக ஓடும் பத்து மீட்டர் நீளத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை மிதக்கவிட்டு நேரம் பாருங்கள். வேகத்தைக் குறுக்குப் பரப்பால் (ஓடையின் அகலத்தைச் சராசரி ஆழத்தால் பெருக்கியது) பெருக்கி, மேல்நீர் அடிநீரைவிட வேகமாக ஓடும் என்பதால் 0.85 போன்ற ஒரு குணகத்தாலும் பெருக்குங்கள். கல்லும் கரடுமாக இருந்தால் குணகம் இன்னும் குறையும். துல்லியம் குறைவு என்று நீங்களே எழுதிவிடுங்கள். மேலே மழை கொட்டும்போது மட்டும் ஓடைக்குள் இறங்கவே கூடாது. 2021 நவம்பரில் பாலாறு எப்படிப் பெருக்கெடுத்தது என்று பார்த்தவர்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அப்புறம் காலம். ப்ராஜெக்ட் செமஸ்டர் ஜனவரியில் தொடங்குகிறது. அப்போது கானாறு வற்றத் தொடங்கியிருக்கும், மரங்களும் இலை உதிர்த்துக்கொண்டிருக்கும். நமக்குத் தென்மேற்கிலும் மழை உண்டு, வடகிழக்கிலும் உண்டு. இரண்டு மழையையும் அளக்க வேண்டும் என்றால் ஜனவரி வரை காத்திருக்க முடியாது. அதனால் மூன்றாம் செமஸ்டர் தொடங்கும் ஜூனிலேயே துறைத்தலைவர் கையெழுத்தோடு மாவட்ட வன அலுவலருக்கு அனுமதி கேட்டுக் கடிதம் கொடுத்துவிடுங்கள். எந்தக் காப்புக்காடு, எந்த ஓடை, எத்தனை பேர், எந்த மாதங்கள், மண் எவ்வளவு எடுப்பீர்கள் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். பேரணாம்பட்டுப் பக்கம் இடம் பார்ப்பவர்கள், யானை நடமாட்டம் இருப்பதால் வனக்காவலர் துணை வேண்டும் என்பதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.