பதினொன்று போய் ஒன்பது வந்த டிசம்பர்

2017 டிசம்பர் 11, திங்கட்கிழமை காலை. பிலடெல்ஃபியா புறநகரில் நான் வேலை பார்க்கும் பிசியோதெரபி கிளினிக்கில் யாரும் யாருக்கும் குட்மார்னிங் சொல்லவில்லை. எங்கள் அமெரிக்கக் கால்பந்து அணியான ஈகிள்ஸ் ஜெயித்துக்கொண்டிருந்தால் இந்த ஊரில் வணக்கத்துக்குப் பதில் 'கோ பேர்ட்ஸ்' என்பார்கள். அன்றைக்கு அதுவும் இல்லை. முதலில் வந்தவர் ஓய்வுபெற்ற பஸ் டிரைவர், வலது முட்டி மாற்றி ஐந்து வாரம் ஆகியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தவர் தன் முட்டியைப் பற்றிப் பேசவே இல்லை.

"ஏசிஎல் அறுந்திருந்தால் எத்தனை வாரம்?" என்றார். முட்டிக்குள் எலும்புகளைக் கட்டிப் பிடித்திருக்கும் நாரைச் சொல்கிறார்.

"வாரக் கணக்கெல்லாம் இல்லை. ஒன்பது மாதம்."

நானே அறுத்துவிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்தார்.

முந்தைய நாள் லாஸ் ஏஞ்சலஸில் ராம்ஸ் அணியோடு ஆட்டம். எங்கள் குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸ், சட்டை எண் 11, எல்லைக் கோட்டைத் தாண்டித் தலையை முன்னால் நீட்டிப் பாய்ந்தார். இரண்டு பேர் மோதினார்கள். அந்த டச்டவுனும் (பந்தோடு எல்லைக் கோட்டைத் தாண்டிப் புள்ளி எடுப்பது) ஃபவுல் காரணமாகச் செல்லாது என்றாகிவிட்டது. அவர் எழுந்து, இன்னும் நான்கு முறை பந்தை வாங்கி, நான்காவதில் ஆல்ஷான் ஜெஃப்ரிக்கு டச்டவுன் வீசிவிட்டுத்தான் வெளியே போனார். அறுந்த முட்டியோடு எப்படி நின்றார் என்று எல்லோரும் கேட்டார்கள். என் தொழிலில் இது அதிசயமில்லை. ஏசிஎல் போனவர் நேராக நடப்பார், நிற்பார், சிலர் படி கூட ஏறுவார்கள். திரும்பும்போதுதான் முட்டி கைவிடும். வீக்கம் வரச் சில மணி நேரம் ஆகும். ஆட்டத்தை 43-35 என்று ஜெயித்தோம், 13 ஆட்டத்தில் 11 வெற்றி. ஆனாலும் ஊர் சாவு வீடு மாதிரி இருந்தது.

கரூரில் கிரிக்கெட் பார்த்து வளர்ந்த எனக்கு இது முதலில் விளங்கவில்லை. பதினோரு பேரில் ஒருவர் போனால் என்ன, இன்னொருவர் வருவார். டிரைவர்தான் பொறுமையாக விளக்கினார். குவார்ட்டர்பேக் என்பவர் கேப்டனும் விக்கெட் கீப்பரும் பௌலரும் ஒரே ஆளாக இருப்பது போல என்று நான் என் பாஷையில் எழுதி வைத்துக்கொண்டேன். அணி பந்தை வைத்திருக்கும்போது ஏறக்குறைய ஒவ்வொரு நகர்வும் அவர் கையில் தொடங்குகிறது. ஹெல்மெட்டுக்குள் சின்ன ஸ்பீக்கரில் கோச் சொல்வதைக் கேட்டு, அதை மற்ற பத்துப் பேருக்கும் ஒப்பிக்க வேண்டும். அடுத்த நகர்வைத் தொடங்குவதற்கான கடிகாரத்தில் 15 விநாடி மிச்சம் இருக்கும்போது அந்த ஸ்பீக்கரும் அணைந்துவிடும். அப்புறம் எதிரே நிற்பவர்கள் போடும் வேஷத்தைப் படித்து, பிடிக்கவில்லை என்றால் அங்கேயே திட்டத்தை மாற்ற வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல், பேக்கப் ஆளுக்குப் பயிற்சியே கிடைக்காது. சீசன் தொடங்கிவிட்டால் வாரம் முழுக்க முதல் அணியோடு ஆடுவது முதல் ஆள்தான். இரண்டாவது ஆள் பெரும்பாலும் அடுத்த எதிரணி மாதிரி நடித்துத் தன் அணியின் தடுப்பாட்டக்காரர்களுக்குப் பயிற்சி கொடுப்பார். சொந்த அணியின் ஓட்டக்காரர்கள் எந்த நொடியில் திரும்புவார்கள் என்று அவர் கைக்குத் தெரியாது. கல்யாண வீட்டில் தலைமைச் சமையல்காரருக்கு உடம்பு சரியில்லாமல் போய், பரிமாறிக்கொண்டிருந்தவரிடம் கரண்டியைக் கொடுப்பதுபோல.

எங்களுக்கு வந்தவர் நிக் ஃபோல்ஸ், எண் 9. ஏற்கெனவே 2013-இல் இதே அணிக்காக 27 டச்டவுன் வீசி, இரண்டே முறைதான் எதிரியின் கையில் பந்தைக் கொடுத்தவர். பிறகு சரிவு. 2016-இல் விளையாட்டையே விட்டுவிடலாமா என்று யோசித்திருக்கிறார். முதல் வாரம் நியூயார்க் ஜயண்ட்ஸை 34-29 என்று தாண்டினோம். கிறிஸ்துமஸ் இரவு ரெய்டர்ஸோடு 19-10, பார்க்கவே சகிக்காத ஆட்டம். கடைசி வாரம் டல்லஸோடு சில வாய்ப்புகள்தான் ஆடினார்: 11 முறை வீசி 4 மட்டும் போய்ச் சேர, மொத்தம் 39 கெஜம். அந்த ஆட்டம் 0-6. "இவரை வைத்துக்கொண்டா?" என்றார் டிரைவர். எனக்கும் அதே நினைப்புதான், சொல்லவில்லை.

நான் திரும்பத் திரும்ப யோசித்துப் பார்ப்பது அதற்கடுத்த இரண்டு வாரங்களைத்தான். முதலிடம் பிடித்திருந்ததால் பிளே-ஆஃப் முதல் சுற்று எங்களுக்கு விடுமுறை. முதல் அணியோடு முழுப் பயிற்சி ஃபோல்ஸுக்குக் கிடைத்தது அப்போதுதான். கோச் டக் பீடர்சன் தன் காலத்தில் பிரெட் ஃபாவருக்குப் பேக்கப்பாக இருந்தவர். அவருக்குக் கீழே இருந்த ஃபிராங்க் ரைக், 1993 ஜனவரியில் காயம்பட்ட ஜிம் கெல்லிக்குப் பதிலாக இறங்கி, 3-35 என்று கிடந்த பஃபலோ அணியை 41-38 என்று ஜெயிக்க வைத்தவர். பெஞ்சில் உட்கார்ந்து பழகிய இரண்டு பேர். அவர்கள் ஃபோல்ஸை வென்ட்ஸாக்கப் பார்க்கவில்லை. ஃபோல்ஸ் நன்றாக ஆடிய காலத்துப் பழைய வீடியோக்களைத் தோண்டி எடுத்தார்கள்.

வென்ட்ஸ் நாலு பேர் துரத்தினாலும் நழுவி ஓடிக்கொண்டே வீசுவார். ஃபோல்ஸின் கால்கள் அப்படிப்பட்டவை அல்ல. அதனால் ஆர்பிஓ (ரன்-பாஸ் ஆப்ஷன்) என்னும் வகை ஆட்டத்தைக் கூட்டினார்கள். அதில் எதிரணியில் ஒரே ஒருவரை மட்டும் பார்த்தால் போதும். அவர் முன்னால் வந்தால் அவர் விட்டுவந்த இடத்துக்குப் பந்தை வீசு, பின்னால் போனால் ஓடுபவரின் கையில் கொடுத்துவிடு. ஒரு நொடியில் முடிவு. முட்டி ஆபரேஷன் முடிந்து வருபவருக்கு நான் செய்வதும் இதுதான். பழைய நடையை முதல் நாளே திரும்பக் கேட்கமாட்டேன், இன்றைக்கு இருக்கும் தசையை வைத்து ஒரு நடை சொல்லித் தருவேன். (தொழில் புத்தி, எதைப் பார்த்தாலும் முட்டிதான் தெரியும்.)

அட்லாண்டாவோடு 15-10. சொந்த மைதானம், முதலிடத்து அணி, அப்படியும் பந்தயக்காரர்கள் எங்களைத் தோற்கும் அணி என்றார்கள். அப்படிப்பட்ட அணிக்கு இங்கே 'அண்டர்டாக்' என்று பெயர். ஆட்டம் முடிந்ததும் எங்கள் வீரர்கள் லேன் ஜான்சனும் கிறிஸ் லாங்கும் நாய் முகமூடி மாட்டிக்கொண்டு நின்றார்கள். அடுத்த வாரம் கிளினிக் ரிசப்ஷனிலும் ஒரு நாய் முகமூடி. மின்னசோட்டாவை 38-7 என்று நசுக்கிய அன்று ஃபோல்ஸ் 352 கெஜம் வீசினார். வேடிக்கை என்னவென்றால் எதிரே நின்ற கேஸ் கீனமும் காயத்தால் இடம் கிடைத்த பேக்கப்தான். அந்தப் பக்கம் முட்டி போனவர் சாம் பிராட்ஃபோர்ட், முந்தைய வருடம் நாங்கள் அவர்களுக்குக் கொடுத்தவர். அதுவும் அவர்களுடைய டெடி பிரிட்ஜ்வாட்டரின் முட்டி போனதால். பிராட்ஃபோர்டை விற்றதால்தான் புதுப்பையன் வென்ட்ஸுக்கே இங்கே இடம் கிடைத்தது. மூன்று முட்டிகளில் எழுதிய தலைவிதி.

பிப்ரவரி 4, சூப்பர் பௌல் என்னும் இறுதி ஆட்டம். எதிரணி குவார்ட்டர்பேக் டாம் பிரேடி 505 கெஜம் வீசியும் நாங்கள் 41-33. இடைவேளைக்குச் சற்று முன், கடைசி வாய்ப்பான நான்காவது முயற்சி, எல்லைக் கோட்டுக்கு ஒரு கெஜம் பாக்கி. வீசவேண்டிய ஃபோல்ஸ் ஒன்றும் தெரியாதவர்போல ஓரமாக நடந்துபோக, பந்து கோரி கிளெமென்ட், டிரே பர்ட்டன் என்று கை மாறி அவரிடமே வந்தது. பிடித்தார், டச்டவுன். அந்தத் திட்டத்தை ஆடலாமா என்று கோச்சிடம் கேட்டதே அவர்தான். ஆட்டநாயகன் விருதும் அவருக்கே. வென்ட்ஸ் மைதான ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். ஊர் கத்திக்கொண்டிருந்தபோது நான் அவருடைய இடது முட்டியைத்தான் பார்த்தேன்.

எல்லோருக்கும் இப்படி வாய்ப்பதில்லை. 2023-இல் நியூயார்க் ஜெட்ஸ் அணியினர் குவார்ட்டர்பேக் ஆரன் ராட்ஜர்ஸை வாங்கினார்கள், அவருக்குப் பழகிய கோச், பழகிய நண்பர்கள் என்று வீட்டையே அவர் அளவுக்குக் கட்டினார்கள். முதல் ஆட்டத்தில் நான்காவது நகர்விலேயே குதிகால் தசைநாண் அறுந்தது. அவருக்குத் தைத்த சட்டையைப் பேக்கப் ஸாக் வில்சனுக்குப் போட்டுவிட்டார்கள். 7 வெற்றி, 10 தோல்வி என்று முடிந்தது சீசன். ஆனால் அதே வருடம் கிளீவ்லேண்ட், யாரும் கூப்பிடாமல் வீட்டில் இருந்த 38 வயது ஜோ ஃபிளாக்கோவைக் கூட்டிவந்து, தூரமாக வீசு என்று அவருக்குப் பிடித்ததையே சொல்லி விட்டார்கள். ஐந்து ஆட்டத்தில் நான்கு வெற்றி, பிளே-ஆஃப்.

என் ஒன்பது மாதக் கணக்கு தப்பவில்லை. வென்ட்ஸ் 2018 செப்டம்பர் 23 அன்று திரும்பினார். மறுவருடம் ஃபோல்ஸ் பெரிய ஒப்பந்தத்தோடு ஜாக்சன்வில் அணிக்கு முதல் ஆளாகப் போனார். முதல் ஆட்டம், முதல் கால்பகுதி, ஒரு டச்டவுன் வீசிய கையோடு கீழே விழுந்தார். இடது காறை எலும்பு முறிந்தது.

அந்த வாரம் டிரைவர் வந்திருந்தார், இப்போது இடது முட்டி. பெஞ்சில் உட்கார்ந்ததும், "காறை எலும்புக்கு எத்தனை வாரம்?" என்றார்.

"எட்டு, பத்து ஆகும். யார் ஆடுகிறார்கள்?"

"ஒரு புதுப்பையன். பெரிய மீசை வைத்திருக்கிறான்," என்றார்.