சுண்டெலிக்கு லை49, மனிதனுக்கு கிர்: நெட் தேர்வுக்கு நான் படித்த விதம்

சிஎஸ்ஐஆர் நெட் லைஃப் சயின்ஸ் தேர்வுக்கு முதல்முறை தயாரானபோது, நோயெதிர்ப்புப் பாடத்துக்குத் தனி நோட்டு வைத்திருந்தேன். பக்கத்தின் நடுவில் கோடு கிழித்து, இடப்பக்கம் சுண்டெலி, வலப்பக்கம் மனிதன். செல்லின் அடையாளப் புரதங்களுக்கு எச்-2 என்றால் எச்எல்ஏ, அவற்றைச் சோதிக்கும் ஏற்பிகளுக்கு லை49 என்றால் கிர் என்று ஜோடி ஜோடியாக எழுதி மனப்பாடம் செய்தேன்.

ஒரு மாதிரித் தேர்வில் அந்த நோட்டு என்னைக் கைவிட்டது. நான்கு கூற்றுகளில் எவை சரி என்று கேட்டிருந்தார்கள். லை49-உம் கிர்-உம் ஒரே மூதாதை மரபணுவிலிருந்து வந்தவை என்பது அதில் ஒன்று. என் நோட்டில் இரண்டும் ஒரே வரியில் இருந்ததால் சரி என்று குறித்தேன். பகுதி சி-யில் ஒரு கேள்விக்கு 4 மதிப்பெண், அதுவும் போய் மைனஸும் வந்தது. கேள்வியை வீட்டில் உட்கார்ந்து பிரித்துப் பார்த்தபோதுதான் இந்தப் பாடமே எனக்குப் புரியத் தொடங்கியது.

அடிப்படை இதுதான். 1986-இல் கிளாஸ் காரே குழுவினர், எம்எச்சி வகுப்பு 1 என்ற அடையாளப் புரதம் இல்லாத புற்றுச் செல்களைச் சுண்டெலியின் உடல் இன்னும் வேகமாக ஒழிப்பதைக் காட்டினார்கள். அதாவது, புற்றுச் செல்லையும் வைரஸ் புகுந்த செல்லையும் கொல்லும் வெள்ளணுவான என்கே செல், தன் உடலின் அடையாளம் இருக்கிறதா என்று தொட்டுப் பார்க்கிறது. இருந்தால் விட்டுவிடுகிறது, காணவில்லை என்றால் தாக்குகிறது. அப்படித் தொட்டுப் பார்க்கும் கை சுண்டெலிக்கு லை49, மனிதனுக்கு கிர்.

ஆனால் இரண்டு கைகளும் வேறு வேறு பொருளால் ஆனவை. லை49 லெக்டின் (சர்க்கரையைப் பிடிக்கும் புரதம்) போன்ற குடும்பம், இரட்டையாக இணைந்து நிற்கும், மரபணுக்கள் சுண்டெலியின் 6-ஆம் குரோமோசோமில். கிர் இம்யூனோகுளோபுலின் (ஆன்டிபாடி போன்ற அமைப்பு) குடும்பம், மனிதனின் 19-ஆம் குரோமோசோமில். மனிதனிடமும் லை49-இன் மிச்சமாக ஒரு மரபணு 12-ஆம் குரோமோசோமில் கிடக்கிறது, வேலை செய்வதில்லை. வெவ்வேறு இடத்திலிருந்து கிளம்பி ஒரே வேலைக்கு வந்து சேர்ந்திருக்கின்றன. செல்லுக்குள்ளே நீளும் வாலைப் பார்த்தால் இன்னும் வியப்பு: தடுக்கும் வகைகள் இரண்டிலும் ஐடிம் என்ற அதே அமினோ அமில வரிசை, அது அழைப்பதும் அதே எஸ்எச்பி-1 நொதியை. தூண்டும் வகைகளில் பல, இரண்டு பக்கமும் டாப்12 என்ற சேதி கடத்தும் புரதத்தைத் துணைக்கு வைத்துக்கொள்கின்றன. எத்தனை முறை படித்தாலும் எனக்கு இந்த இடம் அலுக்காது.

அதன் பிறகு நோட்டில் மூன்றாவது பத்தி ஒன்றைச் சேர்த்தேன். ஒவ்வொரு ஜோடிக்கும் எதிரே, ‘எதைப் பிடிக்கிறது, உள்ளே யாரிடம் சொல்கிறது, உறவா இல்லை வேலை மட்டும் ஒன்றா’ என்று எழுதுவேன். என்கேஜி2ஏ என்ற இன்னொரு என்கே ஏற்பிக்கு ‘உறவு’ என்று வந்தது. சிடி94 என்ற புரதத்துடன் சேர்ந்து மனிதனில் எச்எல்ஏ-ஈயையும் சுண்டெலியில் க்யூஏ-1-ஐயும் பிடிக்கிறது, ஏற்பி இரண்டிலும் அதேதான். என்கேஜி2டி-யும் உறவுதான், ஆனால் பிடிக்கும் புரதங்கள் வேறு. மனிதனில் மைக்-ஏ, மைக்-பி. சுண்டெலியில் ரே-1, எச்60. மைக்-ஏவைச் சுண்டெலியில் தேட வேண்டாம், அங்கே அது கிடையாது.

எலி இனத்தின் பெயரையும் விடாமல் படியுங்கள். கருப்பு நிற சி57பிஎல்/6 எலி தன் சைட்டோமெகலோ வைரஸைத் தாங்கிக்கொள்கிறது. லை49 குடும்பத்தில் தூண்டும் வகையான அதன் லை49எச், வைரஸின் எம்157 புரதத்தை நேரடியாகப் பிடிப்பதே காரணம். வெள்ளை பால்ப்-சி எலிக்கு லை49எச் இல்லை, அதனால் தவிக்கிறது. ‘சுண்டெலியில்’ என்று மட்டும் கேள்வி வந்தால், எந்தச் சுண்டெலி என்று மனதில் கேட்டுக்கொள்ளுங்கள். என்கே செல்லை இனங்காண உதவும் என்கே1.1 அடையாளமும் அப்படித்தான். வழக்கமான ஆன்டிபாடி சி57பிஎல்/6-இல் ஒட்டும், பால்ப்-சியில் ஒட்டாது. மனித என்கே செல்லுக்கு நாம் பார்க்கும் சிடி56 சுண்டெலி என்கே செல்லில் உதவாது. இரண்டுக்கும் பொதுவாக வேண்டுமென்றால் என்கேபி46.

நுண்ணுயிரின் தடயத்தை உணரும் டோல் ஏற்பிகளுக்கு (டிஎல்ஆர்) அரை நாள் போதும். டிஎல்ஆர்4-இன் கதையை மட்டும் நிதானமாகப் படியுங்கள்: எல்பிஎஸ் என்ற பாக்டீரியா உறைப் பொருளுக்கு அசையாத சி3எச்/எச்இஜே எலியில் அந்த மரபணுவில் ஒரே ஒரு அமினோ அமில மாற்றம், புரோலின் இருக்க வேண்டிய இடத்தில் ஹிஸ்டிடின். 1998-இல் புரூஸ் பாய்ட்லர் குழு அதைக் கண்டுபிடித்தது. 2011-இல் நோபல் பரிசும் வந்தது. அப்புறம் டிஎல்ஆர் எண்கள்: மனிதனில் 1 முதல் 10 வரை. சுண்டெலியில் 10 செயல்படாது, ஆனால் 11, 12, 13 உண்டு.

கடைசி வாரம் புதிதாக எதுவும் படிக்கவில்லை. நோட்டைத் திறந்து, வலப்பக்கத்தையும் மூன்றாவது பத்தியையும் ஒரு அட்டையால் மூடிக்கொண்டு, இடப்பக்கப் பெயரை மட்டும் பார்த்து மீதியை வாய்விட்டுச் சொல்வேன். தடுமாறிய வரிக்குப் பக்கத்தில் பென்சிலில் ஒரு புள்ளி. தேர்வுக்கு முந்தின இரவு, புள்ளி வைத்த வரிகளை மட்டும் பார்த்துவிட்டுத் தூங்கினேன்.